ஒரு மீனுக்கு எத்தனை பேன்? நார்வேயின் சால்மன் பண்ணைகளும் ஆற்று சால்மனின் சரிவும்

அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். 1980களில் நார்வேயின் கரைக்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் திரும்பின. இன்று அதில் பாதிகூட வருவதில்லை. 2024 ஜூனில் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதைப் பருவத்தின் நடுவிலேயே அரசு நிறுத்தியது. அதே கடலோரத்தில், ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடற்கழிகளில் மிதக்கும் வலைக்கூண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 கோடி பண்ணை சால்மன்கள் வளர்கின்றன. இவை இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர் பெரும்பாலும் நல்ல பண்ணை, மோசமான பண்ணை என்று பிரித்துப் பேசுகிறார்கள். அந்தப் பிரிவினை சிக்கலின் மையத்தைத் தவறவிடுகிறது என்பதே என் வாதம். விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் பண்ணைகளும் ஓரிடத்தில் போதிய அளவு பெருகிவிட்டால் ஆற்று சால்மனை அழிக்க முடியும். விதிகள் அளப்பது ஒன்று, ஆற்று மீனைத் தாக்குவது வேறொன்று.

கடல் பேன் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சால்மனின் தோலையும் சளியையும் தின்று வாழும் இந்த ஒட்டுண்ணி பண்ணைகளுக்கு முன்பும் இருந்தது. ஆனால் அக்காலத்தில் குளிர்மாதங்களில் கரையோரத்தில் அது ஒட்டி வாழ மீன்கள் மிகக் குறைவு. சால்மன்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் இருந்தன. வசந்தத்தில் ஆற்றிலிருந்து இறங்கும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத இளமீன்கள் பேன் குறைந்த நீரைக் கடந்து சென்றன. பண்ணைகள் இந்த இடைவெளியை நிரப்பிவிட்டன. ஆண்டு முழுவதும் பேனுக்கு இரை கிடைக்கிறது. நார்வேயின் சட்டப்படி ஒரு பண்ணை மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேன் வரை இருக்கலாம். இளமீன்கள் கடலுக்கு இறங்கும் வாரங்களில் 0.2. கேட்பதற்குக் கடுமையான வரம்புதான். ஆனால் ஒரு கூண்டில் 2 லட்சம் மீன்கள் வரை வளர்க்கலாம். எட்டுக் கூண்டுகள் நிறைந்த ஒரு பண்ணை, அந்த வாரங்களிலும் 0.2 என்ற வரம்பை அணுவளவும் மீறாமல், 3,20,000 பெண் பேன்களைச் சுமக்க முடியும். ஒவ்வொன்றும் ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள் இடும்; குஞ்சுகள் நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் மிதந்து செல்லும். வலை மீனைத்தான் தடுக்கும், நீரைத் தடுக்காது. இளமீனின் மேல் ஏறுவது சராசரி அல்ல, மொத்தம். 2017 முதல் நடைமுறையில் உள்ள போக்குவரத்து விளக்கு முறை இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது: கடலோரம் 13 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பேனால் இறக்கும் ஆற்று இளமீன்களின் மதிப்பீடு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பச்சை, 30ஐத் தாண்டினால் சிவப்பு என வகுக்கப்படுகிறது. ஆனால் சிவப்புப் பகுதியில்கூட உற்பத்தியை 6 விழுக்காடுதான் குறைக்கச் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இளமீன் இறக்கும் இடத்துக்கு இது மருந்தாகாது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பண்ணையே இல்லாத பகுதிகளின் ஆறுகளிலும் சால்மன் குறைந்துள்ளது. கடல் மாறிவிட்டது, திரும்பி வரும் விகிதம் எங்கும் சரிந்துவிட்டது, பிறகு பண்ணையை ஏன் குறை சொல்ல வேண்டும் என்கிறார்கள். முதற்பகுதி உண்மை. முடிவு மட்டும் அதிலிருந்து பிறக்கவில்லை. அயர்லாந்தில் நடந்த விவாதத்தைப் பாருங்கள். அங்கே இளமீன்களில் ஒரு பகுதிக்குப் பேன் மருந்து கொடுத்தும் மற்றவற்றுக்குக் கொடுக்காமலும் கடலில் விட்டு, திரும்பியவற்றை எண்ணினார்கள். பேனால் கூடுதலாக இறந்தவை சுமார் 1 விழுக்காடே என்று 2013இல் ஓர் ஆய்வுக் குழு முடிவு கூறியது. மற்றொரு குழு, திரும்ப வேண்டிய மீன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்றது. முரண்போல் தோன்றினாலும் இரண்டும் ஒரே நிகழ்வின் இரு அளவுகள். நூறு இளமீன்களில் மூன்றுதான் திரும்பும் காலத்தில் அவற்றில் ஒன்றை இழப்பது நூற்றில் ஒன்று, மூன்றிலும் ஒன்று. ஆற்றில் முட்டையிடும் மீனை எண்ணுபவருக்கு இரண்டாம் கணக்கே பொருள்படும். கடல் கடுமையாகி, திரும்பும் மீன் குறையக் குறைய, பேன் தின்னும் ஒவ்வொரு மீனும் கூடுதல் எடை பெறுகிறது. காலநிலை மாற்றம் பண்ணையின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

பேனை மட்டும் தீர்த்தால் போதாது. தப்பும் பண்ணை மீன்கள் ஆறேறி, ஆற்று மீன்களுடன் கலக்கின்றன. வேகமாகக் கொழுக்கும்படி பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை அவை. அயர்லாந்தின் பரிஷூல் ஆற்றுச் சோதனையில், பண்ணைப் பெற்றோரின் குஞ்சுகள் வாழ்நாள் முழுதும் பிழைக்கும் வாய்ப்பு ஆற்று மீன்களுடையதில் 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் அவை இறப்பதற்கு முன் ஆற்று இளமீன்களின் இடத்தையும் உணவையும் பறிக்கின்றன. கலப்பினங்கள் தகுதியின்மையை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகின்றன. நார்வேயில் ஆராயப்பட்ட ஆறுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இந்தக் கலப்பின் தடயம் தெரிகிறது. இங்கும் அதே கணக்குதான்: 40 கோடியில் மிகச்சிறு பங்கு தப்பினாலும், ஓர் ஆற்றுக்குத் திரும்பும் சில நூறு மீன்களுக்கு அது பெரும் கூட்டம்.

பண்ணைகள் கரையோர ஊர்களுக்கு வேலையும் உலகுக்கு உணவும் தருகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது திறந்த வலைக்கூண்டை மட்டுமே. கனடா தன் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்தில் 2029 ஜூன் இறுதிக்குள் திறந்த வலைக்கூண்டுகளை நிறுத்துவதாக அறிவித்திருக்கிறது. மூடிய தொட்டிக்கு மாறுவது செலவு கூடியது. இன்று அந்தச் செலவை ஆற்று மீன்கள் செலுத்துகின்றன. நார்வே அந்த மாற்றத்துக்குத் தயாராகும் வரை, உரிமத்தின் வரம்பை ஒரு மீனுக்கு எத்தனை பேன் என்பதிலிருந்து ஒரு ஃபியோர்டுக்கு மொத்தம் எத்தனை பேன் என்பதற்கு மாற்ற வேண்டும். அந்த எண்ணை அங்குள்ள ஆறுகளுக்குத் திரும்பும் மீன்களின் எண்ணிக்கையே தீர்மானிக்க வேண்டும்.