வாஷிங்டன்: ஒரு குடும்பப் பெயரின் சமூக வரலாறு

குடும்பப் பெயர்கள் குலமரபு தேடுவோரின் ஆர்வத்துக்கு மட்டுமே உரியன எனக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொண்டு, அடுத்த தலைமுறையில் அதனையும் மாற்றிவிடும் வழக்குடைய நமக்கு, தலைமுறைதோறும் தொடரும் பெயரொன்று உடைமையுறவுகளின் ஆவணமாகவும் அமையலாம் என்பது எளிதிற் புலப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் வாஷிங்டன் என்னும் பெயர் இவ்வகையில் ஆராயத்தக்கது.

இப்பெயர் முதலில் ஓர் ஊரைக் குறித்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் அவ்வூர் நிலத்தைப் பெற்ற பிரபு ஒருவர் ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். அவர் வழிவந்த ஜோர்ஜ் வாஷிங்டன் (1732–1799) முதற் சனாதிபதியானபின், நிலம் தந்த பெயர் மீண்டும் நிலத்துக்கே சென்றது: 1791இல் தலைநகருக்கும், 1853இல் பசுபிக் கரையோரப் பிரதேசமொன்றுக்கும் அது சூட்டப்பட்டது. அப்பிரதேசம் 1889இல் மாநிலமாயிற்று.

ஆனால், 2000ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இப்பெயருடையோருள் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் கறுப்பின மக்கள். அடிமைகள் எசமானரின் பெயரை ஏற்றனர் என்ற வழமையான விளக்கம் இங்குப் போதாது. 1799இல் மவுண்ட் வேர்னன் பண்ணையிலிருந்த அடிமைகள் 317 பேர். அவருள் வாஷிங்டனுக்கே உரியவராய், அவரது மரணசாசனத்தால் விடுதலைக்குரியோரானவர்கள் சுமார் 123 பேரே. மனைவியின் முதற் கணவரது சொத்தைச் சேர்ந்த 153 பேர் வாரிசுகளிடையே பங்கிடப்பட்டனர். வாஷிங்டனின் அணுக்கப் பணியாளரான வில்லியம் லீயோ முன்னைய உடைமையாளரின் பெயரையே இறுதிவரை கொண்டிருந்தார்.

1850, 1860 குடிசன மதிப்பீடுகளில் அடிமைகள் பொதுவாகப் பெயரின்றி, உடைமையாளர் பெயரின்கீழ் வயதும் பாலும் கொண்டே எண்ணப்பட்டனர். 1870இலேயே கறுப்பின மக்கள் அனைவரும் பெயர்கொண்டு பதியப்பட்டனர். இப்பெயர் ஈந்ததன்று, எடுத்ததாகும் என்பதே எனது துணிபு. 1856இல் வேர்ஜினியாவில் பரோஸ் என்பவரின் பண்ணையிற் பிறந்த புக்கர் என்னும் சிறுவன், பள்ளியில் ஆசிரியர் பெயர் கேட்டபோது, தன் மாற்றாந்தந்தையின் முதற்பெயரான 'வாஷிங்டன்' என்பதைத் தன் குடும்பப் பெயராகச் சொன்னான். பரோஸ் என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் புக்கர் ரி. வாஷிங்டன் மேற்கொண்ட இணக்க அரசியலை டூ போய்ஸ் 1903இல் கண்டித்தது நியாயமே. எனினும் அச்சிறுவனின் செயலை அடிமைப் புத்தியென ஒதுக்குதல் வரலாற்றுணர்வாகாது. குடியரசில் தனக்கும் பங்குண்டு என்ற கோரிக்கை அதிலுண்டு.

அக்கோரிக்கைக்கு அரசு அளித்த விடையும் பதிவாகியுள்ளது. 1862இல் தலைநகரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, ஓர் அடிமைக்கு 300 டொலர் வரை இழப்பீடு பெற்றோர் உடைமையாளரே. விடுதலை பெற்றோருக்கு, நாட்டைவிட்டு வெளியேறச் சம்மதித்தால் மட்டும், 100 டொலர் வரை வழங்கப்படலாம் எனச் சட்டம் கூறிற்று.

1974இல், ஒரு நூற்றாண்டுக்குப்பின் அந்நகர மக்கள் தாமே வாக்களித்துத் தெரிந்த முதல் மேயர் வால்ற்றர் வாஷிங்டன் என்னும் கறுப்பினத்தவர். காங்கிரசில் அந்நகருக்கு வாக்குரிமையுள்ள உறுப்பினர் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.