மணலிற் பிறந்த கல்வி

திருக்கோணமலையென்றதும் எவர் மனத்திலும் முன்னிற்பன கோணேசர் கோயிலும் குடாக்கடலுமேயாம். 1620களில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்ததும், 1795 இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியதும், 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்திற் குண்டு பொழிந்ததும் சரித்திர நூல்களில் இடம்பெற்றுள்ளன. அந்நூல்களை வாசிக்கும் ஆற்றலை நமக்களித்த அரிவரி வகுப்பின் சரித்திரத்தையோ நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்காலத்தில் நமது ஊர்களிற் கல்வி திண்ணையிலே நடந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, சட்டம்பியார் முன் சம்மணமிட்டிருந்து மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துக்களும் இவ்வாறு கண்ணாலும் காதாலும் விரலாலும் ஒருங்கே பயிலப்பட்டன. பிழைத்தால் கையால் அழித்து மீண்டும் எழுதலாம். கடற்கரை ஊர்களில் மணலுக்குப் பஞ்சமேது? அதன்பின் ஓலையும் எழுத்தாணியும் வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என்பன மனனமாகும். எண்சுவடியிலே ஒன்றை 320 ஆகப் பகுத்த முந்திரி வரையும் பிள்ளை வாயாற் கணக்கிடும்.

இக்கல்வியை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமென்று இகழ்வாருமுளர். அவர்கள் ஓலையின் இயல்பை அறியாதவர். எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறுமென்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர். சொற்களுக்கிடையே இடமும் விடுவதில்லை. ஆதலின், ஆசிரியர் வாயாற் கேட்டு நெஞ்சிற் பதித்தவனுக்கே ஏடு பேசும். மனனம் அக்காலத்தின் தேவையாயிருந்தது.

எனினும், திண்ணை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகளிலும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளிலும் மிகப் பலர் அதில் ஏறியதேயில்லை. நம் முன்னோர் பெருமையைப் பேசும்போது இதனையும் மறைக்காது சொல்லுதல் நமது கடன்.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். 1789 இல் சென்னை எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் அந்திரேயு பெல் என்னும் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். அம்முறையைத் தமது விடுதியிற் புகுத்தியதுடன், கற்ற பிள்ளையைக் கொண்டே கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797 இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஆசிரியர் குறைந்த இங்கிலாந்திலே ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று அது விரைந்து பரவிற்று. நமது திண்ணையின் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்ற கதை இதுவாகும்.

1814 இல் இலங்கை வந்த வெசுலியன் மிசனார் திருக்கோணமலையிலும் பாடசாலை நடத்தினர். அவர்கள் கொணர்ந்த பெரும் புதுமை அச்சுப் புத்தகமே. புள்ளியும் சொல்லிடைவெளியும் பெற்ற புத்தகத்தை ஆசிரியர் துணையின்றியும் பிள்ளை வாசிக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் அவர்கள் வாயில் திறந்தனர். மிசன் பாடசாலையிற் பயின்ற நாம் அந்நன்றியை மறுத்தல் தகாது. அதே கருவியைக் கையிலெடுத்தே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவிப் பாலபாடங்களை அச்சிட்டார். இவ்வாறு பெருகிய வாசிப்பின் விளைவையும் திருமலையிற் காணலாம்: இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891 இலும், சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895 இலும் வெளிவந்தன. இருவரும் இவ்வூரினரே.

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டது. அதன்பின் உதவிப்பணம் மாணவரின் பரீட்சைப் பேற்றைப் பொறுத்ததாயிற்று. வித்தியாதரிசி வரும் நாளே பாடசாலையின் தீர்ப்பு நாள்! மனனம் இப்போது பரீட்சைக்காக வளர்ந்தது. ஏட்டுக்காக நெஞ்சிற் பதித்த காலத்தில் அதற்கோர் உயிர் இருந்தது. உதவிப்பணத்துக்காகப் பதித்தபோது அவ்வுயிர் குன்றிற்று.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின்கீழ் வந்தன. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் ஏழையின் பிள்ளையும் கட்டணமின்றி வகுப்பில் அமர முடிந்தது. திண்ணை மறுத்ததைச் சட்டம் அளித்தது.

ஆயினும், வகுப்பில் அமர்ந்த பிள்ளையெல்லாம் கற்ற பிள்ளையாகி விடுவதில்லை. ஓராசிரியர் முன் பலர் இருக்கையில் மெல்லக் கற்கும் பிள்ளை பின்வாங்கிலே தனித்துப்போகின்றது. அப்பிள்ளைக்கு வேண்டுவது அருகிலிருந்து விரல்பிடிக்கும் ஒருவரே. பணச் செலவின்றி அதனைச் செய்யும் வழியை நம் திண்ணையே உலகுக்குக் காட்டியது. ஆகவே, வாலிபர்காள்! நம்முள் ஒவ்வொருவரும் மாலையில் ஒரு நாழிகை, அயலிலுள்ள இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டாம்பிள்ளையாவோம். எவ்வீட்டுப் பிள்ளையென்று வினவாதிருப்போம். பெரியோர்களே! அதற்கு உங்கள் வீட்டுத் திண்ணையைத் தந்துதவுங்கள்.