பியானோவில் இயற்கைச் சுருதி

அதிர்வெண்கள் 3:2, 5:4 போன்ற சிறு முழு எண் விகிதங்களில் அமையும்படி சுரங்களைச் சேர்ப்பது இயற்கைச் சுருதி. இன்றைய பியானோக்களில் பெரும்பாலும் இருப்பது சமச்சுருதி. அதில் ஒரு ஸ்தாயி 100 சென்ட் கொண்ட 12 சம இடைவெளிகளாகப் பிரிக்கப்படுகிறது. இதனால் பஞ்சமம் 2 சென்ட் மட்டுமே குறைகிறது. அந்தர காந்தாரமோ 386 சென்ட்டில் நிற்காமல் 400க்கு ஏறிவிடுகிறது. தம்புராவில் தானே எழும் காந்தாரத்துக்குப் பழகிய காதுக்கு இந்த ஏற்றம் உறுத்தும். நடு ஸ்தாயியின் சி, ஈ கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், அவற்றின் மேற்சுரங்கள் மோதி நொடிக்குச் சுமார் 10 விம்மல்கள் எழும். முளையைத் திருகி ஈ தந்தியைத் தளர்த்தும்போது விம்மல் மெதுவாகி மறையும். அப்போது விகிதம் 5:4.

எல்லா விம்மல்களையும் இப்படி ஒழிக்க முடியாது. சி-யை ஆதாரமாக்கி வெள்ளைக் கட்டைகளைச் சுத்தமாகச் சேர்த்தால், டி-க்கும் ஏ-க்கும் இடையிலுள்ள பஞ்சமம் 702 சென்ட்டுக்குப் பதில் 680 ஆகச் சுருங்கிக் கரகரக்கும். வயலின்காரர் விரலைச் சற்று நகர்த்திச் சமாளிப்பார். பியானோ கலைஞருக்கு அந்த வழி இல்லை.

5:4 காந்தாரத்தை 1482இல் பொலோன்யாவில் ராமோஸ் தெ பரேஹா முன்வைத்தார். 1558இல் ஸார்லினோ அதற்கு விரிவான கோட்பாடு வகுத்தார். ஆனாலும் அக்காலக் கட்டை வாத்தியங்களில் நிலைத்தது, பஞ்சமங்களைச் சற்றே குறைத்துக் காந்தாரங்களைக் காக்கும் சமரச முறையே. 1700ஐ ஒட்டி ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோ, 19ஆம் நூற்றாண்டின் போக்கில் சமச்சுருதிக்கு மாறியது. எந்த ஆதாரத்துக்கும் தாவும் இசைக்கு அதுவே வசதி. 1863இல் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் இயற்கைச் சுருதிக்காக வாதாடினார். நீண்டு ஒலிக்கும் ஹார்மோனியத்தில் சமச்சுருதியின் குறை அப்பட்டமாகத் தெரியும். ஒலி விரைவில் தேயும் பியானோவில் அது மறைந்துகொள்ளும்.

இயற்கைச் சுருதியைப் பியானோவுக்கு மீட்டவர்கள் அமெரிக்கர்கள். ஹாரி பார்ட்ச் பியானோவைக் கைவிட்டுத் தமக்கெனப் புதிய வாத்தியங்களைச் செய்துகொண்டார். அவரிடம் பயின்ற பென் ஜான்ஸ்டனோ பியானோவிலேயே தங்கி, 1964இல் முடித்த சொனாட்டாவுக்காக 88 கட்டைகளில் 81 வெவ்வேறு சுரங்களை அமைத்தார்.

அதே ஆண்டில் லா மான்டே யங் தொடங்கிய ‘தி வெல்-டியூண்ட் பியானோ’ இவ்வகையில் முதன்மையானது. அதன் விகிதங்களில் 2, 3, 7 ஆகிய பகா எண்களே வருகின்றன. 5 இல்லாததால் வழக்கமான காந்தாரத்துக்கே இடமில்லை. ஜி-யின் வலப்புறக் கறுப்புக் கட்டை, ஜி-யைவிடத் தாழ்ந்த சுரத்தைத் தரும். 1974இல் ரோமில் முதலில் நேரடியாக அரங்கேறிய இப்படைப்பின் 1981ஆம் ஆண்டுப் பதிவு 5 மணி நேரம் நீள்கிறது. யங் இரகசியமாகக் காத்த இந்தச் சுருதி அமைப்பின் விவரம், 1993இல் கைல் கான் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வெளிவந்தது.

யங்கும் இசையமைப்பாளர் டெர்ரி ரைலியும் 1970 முதல் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானா மரபுப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் இசை பயின்றவர்கள். 1986இல் வெளியான ரைலியின் ‘தி ஹார்ப் ஆஃப் நியூ ஆல்பியன்’ 5ஐ விலக்கவில்லை. அதன் பல பகுதிகள் ஒரே சுருதி அமைப்பில் வெவ்வேறு ஆதாரங்களைக் கொள்கின்றன. அதனால் சில பகுதிகள் இனிமையாகவும் சில கரடுமுரடாகவும் ஒலிக்கின்றன.