செயற்கைப் புல்தரை (கால்பந்தாட்டம்)

இயற்கைப் புல்லுக்குப் பதிலாக மைதானத்தில் பதிக்கப்படும் பிளாஸ்டிக் இழை விரிப்பு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேஸ்பால் ஆட்டத்திற்கென எழுந்த ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட அரங்கில், ஒளிபுகும் பலகைகளுக்கு வர்ணம் பூசியபின் சூரிய வெளிச்சமின்றிப் புல் பட்டுப்போகவே, 1966-இல் இவ்விரிப்பு இடப்பட்டுப் பிரசித்தி அடைந்தது.

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் இதனை முதன்முதலாக மேற்கொண்டது, குளிர்காலச் சேற்றுக்குப் பரிகாரம் தேடி 1981-இல் தன் லாஃப்டஸ் ரோடு மைதானத்தை மாற்றியமைத்த, லண்டன் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகமாகும். மணல் நிரப்பிய அத்தரையில் பந்து வழக்கத்தைவிட உயரத் துள்ளியது; சறுக்கிச் சென்று பந்தைத் தட்டிவிட முயன்றவருடைய தொடையும் முழங்காலும் தோலுரிந்து எரிந்தன. லூட்டன், ஓல்டாம், பிரெஸ்டன் கழகங்களும் அவ்வழியே சென்றன. எனினும் 1988-இல் ரேஞ்சர்ஸும், இறுதியாக 1994-இல் பிரெஸ்டனும் புல்லுக்கே திரும்பின.

நீண்ட இழைகளுக்கிடையே மணலும் ரப்பர்த் துகளும் நிரப்பும் பிற்கால விரிப்புகள் பெரிதும் மேம்பட்டவை. ஆயினும், கனடாவில் 2015-இல் மகளிர் உலகக் கோப்பைப் போட்டிகள் அனைத்தும் இத்தகைய தரையிலேயே நடத்தப்பட்டபோது, ஆடவர் உலகக் கோப்பைக்கு ஒருபோதும் விதிக்கப்படாத நிபந்தனை தங்களுக்கு மட்டும் ஏன் என்று வீராங்கனைகள் ஆட்சேபித்தது முற்றிலும் நியாயமே. நுண்பிளாஸ்டிக் அபாயத்தை முன்னிட்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிரப்புத் துகள் விற்பனைக்குத் தடை விதித்து, எட்டாண்டு அவகாசம் அளித்தது.

பல முன்னணி அரங்குகளில் இன்று காணப்படுவது கலப்புத் தரை: சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் செயற்கை இழைகளை மண்ணில் ஊன்ற, உயிருள்ள புல்லின் வேர்கள் அவற்றைப் பற்றிப் பின்னி வளர்வதால் தரை எளிதில் பெயர்வதில்லை.