மேனியின் நிறம்: ஒரு வண்ணத்துப்பூச்சியை உலகம் அறிந்துகொண்ட வரலாறு

வண்ணத்துப்பூச்சியைப் பாடாத கவிஞர் நம் வட்டத்தில் இல்லை. கடந்த பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளில் அது எத்தனை முறை பறந்து வந்தது என்று எண்ணியவரும் இல்லை. ஆனால் அது எந்த வண்ணத்துப்பூச்சி என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அக்கேள்வியை என்னுள் எழுப்பியது என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு காலைப்பொழுதில், கரிய சிறகும் செம்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சியொன்று அக்கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒளிப்படம் எடுத்தேன். நூலொன்றில் கண்ட படத்தோடு சிறகை ஒப்பிட்டு, அது 'கிரிம்சன் ரோஸ்' என்று முடிவு கட்டினேன். படத்தின் பின்புறம் அப்பெயரை எழுதி நம் கூட்டமொன்றில் காட்டவும் செய்தேன். அன்பர்கள் பாராட்டினர். பின்னர் ஒருநாள் உருப்பெருக்குக் கண்ணாடி வழியே அப்படத்தைப் பார்த்தபோதுதான் பிழை விளங்கிற்று. கிரிம்சன் ரோஸின் உடல் குருதிச் சிவப்பு. என் படத்திலிருந்ததன் உடலோ கறுப்பு. நான் சிறகைப் பார்த்தேனேயன்றி மேனியைப் பார்க்கவில்லை.

சிறகை மட்டும் நம்பியதால் விளைந்த இப்பிழைக்கு அறிவியல் உலகிலும் ஒரு முன்வரலாறு உண்டு. கவிதை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

ட்ராய் நகரத்து உடன்பிறந்தார்

உயிர்களுக்கெல்லாம் இருசொற்பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தமது பெருநூலின் பத்தாம் பதிப்பை 1758-இல் வெளியிட்டார். வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் தேடிய அவர், ஹோமரின் காவியத்தைப் பெரிதும் நாடினார். பெரிய சிறகுடையவற்றை வீரர்கள் என வகுத்து, அவர்களை ட்ராய் நகரத்தார், கிரேக்கர் என இரு படையாகப் பிரித்தார். மார்பில் குருதிச் சிவப்புப் புள்ளிகள் உடையவை, பெரும்பாலும் கரியவை, ட்ராய்ப் படையினர் என்பது அவர் வகுத்த இலக்கணம். தோற்ற நாட்டின் காயங்களை அவர் பூச்சியின் மார்பில் கண்டார் போலும்!

கிரிம்சன் ரோஸுக்கு அவர் சூட்டிய பெயர் ஹெக்டர். வேறு இரு கரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பம்மோன், பாலிட்டீஸ் என்று பெயரிட்டார். மூவரும் பிரியாம் மன்னனின் மைந்தர்கள். ஹெக்டர் மடிந்த பின், எஞ்சிய மைந்தர்களை நோக்கி, அவனுக்கு மாற்றாக நீங்கள் மாண்டிருக்கலாகாதா என்று தந்தை கடிந்துகொள்ளும் இடம் இலியட் காவியத்தின் இறுதிப் பகுதியில் வருகிறது. அங்கே ஏச்சுக்கு ஆளானவர்களுள் பம்மோனும் பாலிட்டீஸும் உண்டு. பின்னர் 1775-இல், கிராமர் என்னும் டச்சுக்காரர் மற்றொரு கரிய வண்ணத்துப்பூச்சிக்கு ரோமுலஸ் என்று பெயர் சூட்டினார்.

ஆக, பம்மோன், பாலிட்டீஸ், ரோமுலஸ் என மூன்று இனங்கள் ஏட்டில் ஏறின. உண்மையில் அவை மூன்று இனங்கள் அல்ல.

தரங்கம்பாடியில் ஒரு மருத்துவர்

இவ்வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1768 அளவில் வந்து சேர்ந்த மருத்துவர் யோகான் கெர்ஹார்ட் கேனிக், லின்னேயஸின் மாணாக்கர். செடிகொடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார். லின்னேயஸின் மற்றொரு மாணாக்கரான ஃபப்ரீசியஸ் 1775-இல் வெளியிட்ட பூச்சியியல் நூலுக்கு, கேனிக் அனுப்பியவை பெரிதும் துணை நின்றன. ஹெக்டரின் நெருங்கிய உறவான 'காமன் ரோஸ்' அந்நூலில்தான் அறிவியற்பெயர் பெற்றது. அதன் புழு தின்னும் அரிஸ்டோலோக்கியா என்னும் செடியின் பெயரையே அதற்குச் சூட்டினார் ஃபப்ரீசியஸ்.

கேனிக்கின் பெயரும் ஒரு செடியில் நிலைத்துவிட்டது. 1771-இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு அறிவியற்பெயர் இட்டபோது, தம் மாணாக்கரின் பெயரை அதில் இணைத்தார். நாம் நாள்தோறும் தாளிக்கும் இலையில் தரங்கம்பாடி மருத்துவர் ஒருவரின் பெயர் மறைந்திருக்கிறது. அவ்விலையே இக்கதையின் முடிச்சை அவிழ்க்கவும் உதவுகிறது.

வேடத்தின் பொருள்

ஹெக்டரும் காமன் ரோஸும் முட்டையிடும் செடிகளுள் ஒன்றை நம் முன்னோர் 'ஆடுதின்னாப்பாளை' என்றனர். எதையும் மேயும் ஆடும் தீண்டாத கசப்பு அதற்கு. அதன் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்ளும் இவ்வண்ணத்துப்பூச்சிகளை ஒருமுறை தின்று துன்புற்ற பறவை மறுமுறை நெருங்குவதில்லை. சிவந்த மேனி அதற்கான எச்சரிக்கை.

1862-இல் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ், நஞ்சற்ற வண்ணத்துப்பூச்சிகள் நஞ்சுடையவற்றின் தோற்றத்தைப் பெற்று உயிர்தப்பும் விந்தையை அமேசான் காட்டுச் சான்றுகளால் விளக்கினார். அவருடைய நண்பர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், 1865-இல் வெளியான தமது ஆய்வுரையில் அக்கருத்தைக் கீழைநாட்டு வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பொருத்திக் காட்டினார். பம்மோன் எனப்பட்டது ஆண். அதன் பெண்கள் மூவகையினர். ஒருவகை ஆணைப் போலவே இருக்கும். பாலிட்டீஸ் எனப்பட்ட இரண்டாம் வகை காமன் ரோஸின் வேடத்திலும், ரோமுலஸ் எனப்பட்ட மூன்றாம் வகை ஹெக்டரின் வேடத்திலும் இருக்கும். உடன்பிறந்தார் என்று பெயர் பெற்ற இருவர் உண்மையில் கணவனும் மனைவியுமாக இருந்தனர்!

பாலிட்டீஸ் என்பதே இன்று முழு இனத்துக்கும் உரிய பெயர். ஆங்கிலத்தில் அது 'காமன் மார்மன்'. பலதார மணத்துக்கு அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த மார்மன் சமயத்தாரை நினைத்து இட்ட பெயர் அது.

ஒரே இனம் என்பதற்கு ஐயமற்ற சான்று வேண்டுமானால் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதை இலங்கையில் செய்தவர் ஃபிரையர். தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்த்து, 1913 அளவில் அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்பானவை. பெண்களின் வேடம் மரபுவழி இறங்குகிறது, ஆணும் அதைத் தன்னுள் சுமக்கிறது, ஆனால் தன் சிறகில் காட்டுவதில்லை, மகளுக்குக் கொடுத்துவிடுகிறது. அம்மரபுக்கூறு எது என்பதைக் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் ஆய்ந்தோரும் 2014-இல் கண்டறிந்தனர். ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் மரபணு ஒன்றே இவ்வேடங்களையும் ஆள்கிறது.

வலையும் லென்சும்

முற்காலத்தில் வண்ணத்துப்பூச்சியை அறிவதென்றால் வலைவீசிப் பிடித்து, ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குவதே வழி. அப்பெட்டிகளை நாம் இழித்துரைக்கலாகாது. மேற்சொன்ன அறிவின் பெரும்பகுதி அவற்றிலிருந்து பிறந்தது. எனினும் விரித்துக் குத்திய சிறகு, அப்பூச்சி எந்தச் செடியை நாடியது, எதனோடு கூடியது என்பதைச் சொல்வதில்லை. அருகிலிருந்து எடுத்த ஒளிப்படம் அதைச் சொல்லும். பம்மோன் ஆணும் பாலிட்டீஸ் பெண்ணும் கூடியிருக்கும் படமொன்று லின்னேயஸின் கையில் கிடைத்திருந்தால், பிரியாமின் மைந்தருள் ஒருவர் குறைந்திருக்கக்கூடும்.

அத்தகைய படம் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். வெயில் ஏறுமுன் சென்றால், சிறகு விரித்துக் குளிர்காயும் பூச்சி எளிதில் அகலாது. நம் நிழல் அதன்மேல் விழலாகாது. மிக அருகே செல்லும்போது மேக்ரோ லென்சில் தெளிவு விழும் ஆழம் நூலளவே. சிறகின் தளத்துக்கு நேரே லென்சைப் பிடித்தாலன்றி ஒருபுறம் மங்கிவிடும். மேற்சிறகு, அடிச்சிறகு, தலை, உடல், அமர்ந்த செடி ஆகிய ஐந்தும் படத்தில் பதிய வேண்டும். சிறகு பொய் சொன்னாலும் உடலும் செடியும் பொய் சொல்வதில்லை. ரோஸ்களின் மேனி சிவப்பு. அவற்றின் வேடம் பூண்ட மார்மனின் மேனி கறுப்பு. ரோஸ்கள் முட்டையிட நாடுவது அரிஸ்டோலோக்கியாச் செடிகளை. மார்மன் நாடுவது எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும்.

என் கொல்லைக்கு வந்தவள் கறிவேப்பிலைக் கன்றைத் தேடி வந்தாள். விடையைச் செடி அன்றே சொல்லிவிட்டது, எனக்குத்தான் கேட்கவில்லை.

பெயர் தெரிந்துவிட்டால் அழகு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. நானும் அஞ்சியதுண்டு. ஆடுதின்னாப்பாளை என்று பெயரிட்ட முன்னோர் அஞ்சவில்லை. ஆடு தின்னாததைக் கூர்ந்து கண்டனர், கண்டதையே பெயராக்கினர். கவிதையும் அத்தகைய பார்வையிலிருந்து பிறப்பதே. வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவில் அப்பழைய ஒளிப்படத்தையே என் எளிய காணிக்கையாக ஒப்படைக்கிறேன். பின்புறம் எழுதியிருந்த பெயரை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அடித்த பெயரும் படிக்கும்படியே இருக்கட்டும்.