அரசு நட்ட ஊர்: தெங்குமரஹாடா பற்றிச் சில குறிப்புகள்

கொங்குநாட்டு வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் சமவெளியின் வரலாறுதான். கிணறு, பருத்தி, மில், விசைத்தறி. கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற எனக்கும் காடு என்பது வடக்கே நீலமாய்த் தெரியும் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் ஊர் இருக்கும், அந்த ஊருக்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கும் என்பது நம் பேச்சில் வருவதே இல்லை. வந்தால் யானை வரும், புலி வரும்; இல்லாவிட்டால் வீரப்பன் வருவான்.

தெங்குமரஹாடா மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பவானிசாகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் காட்டுப்பாதை. கடைசியில் ஆறு, ஆற்றில் பரிசல். காகிதத்தில் இது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்குவது ஈரோடு மாவட்டத்துக்கு. மேலே பைக்காரா, மாயாறு மின்நிலையங்களின் தண்ணி திறந்துவிடப்பட்டால் கீழே ஆறு பொங்கும், பரிசல் நிற்கும். மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வருகிற ஆறு இது. நகரத்தில் விளக்கு எரிவதற்கும் இங்கே ஒரு கர்ப்பிணி கரையில் காத்துக் கிடப்பதற்கும் உள்ள உறவை எந்தப் பொருளாதார நூலும் கணக்கில் எடுக்காது.

இந்த ஊரை ‘ஆதிகாலத்துக் காட்டுக் கிராமம்’ என்று வர்ணிக்கிற பத்திரிகைக் கட்டுரைகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இது 1948-இல் அரசாங்கமே உண்டாக்கிய ஊர். போர்க்காலப் பஞ்சம், ரேஷன், ‘உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்’ என்ற இயக்கம்: இந்தப் பின்னணியில் ஒரு கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குக் காட்டு நிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. நாளடைவில் அது சுமார் 500 ஏக்கராயிற்று. சங்கத்தில் பெரும்பாலும் கோத்தகிரிப் பக்கத்துப் படகர்கள். காட்டை வெட்டினார்கள், நெல்லும் மஞ்சளும் வாழையும் மிளகாயும் போட்டார்கள். நிலம் வனத்துறையுடையது, குத்தகை சங்கத்துடையது, உழைப்பு யாருடையது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதே 1948-இல்தான் சில மைல் கீழே பவானிசாகர் அணை வேலையும் தொடங்கியது. 1955-இல் அணை முடிந்தபோது தண்ணாயக்கன்கோட்டை நீருக்குள் போயிற்று. ஹொய்சளத் தண்டநாயகனின் பெயர் தாங்கிய கோட்டை. 1800-இல் புக்கானன் வந்து பார்த்து எழுதிய ஊர். 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் நீலகிரிக்கு ஏறப் புறப்பட்ட இடம். (நீலகிரி அப்போது கோயமுத்தூரின் ஒரு பகுதி; 1868-இல்தான் பிரிந்தது.) ஆக, இந்தப் பள்ளத்தாக்கு மனித வாடையே படாத கானகமாக ஒருபோதும் இருந்ததில்லை. படை போன வழி, வியாபாரம் போன வழி. 1882 சென்னை வனச் சட்டம் வந்த பிறகுதான் இங்கே இருப்பவன் அத்துமீறியவன் ஆனான்.

ஒரே வருஷத்தில் கீழே ஊர்களை மூழ்கடிக்கும் வேலை, மேலே ஒரு ஊரை நடும் வேலை. முரண்பாடு போலத் தெரியும். ஆனால் தர்க்கம் ஒன்றுதான்: உணவு வேண்டும், அதற்கு யார் எங்கே இருக்க வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்கும். அணையால் 2,07,000 ஏக்கர் பாசனம் பெற்றது. அது நம்முடைய செழிப்பு. 2024-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் எங்க பக்கத்துக் குளங்களுக்கு வந்த தண்ணியும் பவானித் தண்ணிதான். மாயாறு கலந்த தண்ணி. மேலே இருக்கிற 500 ஏக்கர்தான் இப்போது எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

ஏனென்றால் அரசின் தேவை மாறிவிட்டது. நெல்லின் இடத்தில் புலி. முதுமலை 2007-இலும் சத்தியமங்கலம் 2013-இலும் புலிகள் காப்பகங்களாயின. யானைகள் கடக்கும் தடம், பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டும் பள்ளத்தாக்கு என்பதெல்லாம் உண்மை. அதை மறுக்கிறவன் நானில்லை. 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம், மொத்தம் 74.25 கோடி ரூபாய் என்று இடமாற்றக் கணக்கு நீதிமன்றம்வரை போனது. போகத் தயார் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. பல பத்தாண்டுகளாகப் பாலம் கேட்டு ஓய்ந்தவர்கள் பணத்துக்குச் சம்மதிப்பதைச் சட்டம் ‘தன்னார்வ இடமாற்றம்’ என்று அழைக்கிறது.

இங்கேதான் 2006 வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் படிக்க வேண்டும். ‘வரலாற்று அநீதி’ என்று முகப்பிலேயே ஒப்புக்கொண்ட சட்டம் அது. பழங்குடி என்றால் 13.12.2005-க்கு முன் நிலம் அனுபவத்தில் இருந்தாலே போதும். பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். படகர் தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இல்லை. 1948-இல் நடப்பட்ட ஊருக்கு 2005-இல் வயது 57. அரசு கூட்டிவந்து குடியமர்த்தியது என்பதே அவர்களுடைய உரிமைக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

அப்படியானால் இருளர்? பக்கத்துக் கல்லாம்பாளையமும் அல்லிமாயாறும் அவர்களுடைய ஊர்கள். சங்கம் வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள். வயது அவர்கள் பக்கம், சட்டமும் அவர்கள் பக்கம். ஆனால் சங்கத்து வயலில் அவர்கள் கூலி. தலித் குடும்பங்களின் நிலையும் பெரும்பாலும் அதுவே. அனுபவத்தில் இருந்த நிலம் எது என்று கேட்டால், அடுத்தவன் குத்தகை நிலத்தில் நாற்று நட்ட கையை எந்தப் படிவத்தில் காட்டுவது? ‘ஊரைக் காப்போம்’ என்று கிளம்பும் நம் தோழர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புலி ஆதரவாளர்களுக்கோ கேள்வியே இல்லை, வரைபடம் மட்டும்தான்.

குடும்பம் ஒன்றுக்கு 15 லட்சம் என்றால் சங்கத்து உறுப்பினரும் அவர் வயலில் கூலிக்குப் போனவரும் ஒரே தொகை வாங்குவார்கள். கேட்கச் சமத்துவம் போலத்தான் இருக்கிறது. உறுப்பினருக்குக் கோத்தகிரியில் உறவும் மேட்டு நிலமும் இருக்கக்கூடும். கூலிக்காரர் அந்தப் பணத்தோடு இறங்க வேண்டியது எங்கள் சமவெளிக்கு, எங்கள் தறிக்கூடங்களுக்கு, சென்ட் கணக்கில் மனை விற்கிற எங்கள் ஆட்களிடத்துக்கு.