இந்தியாவில் பொதுநிதி ஆய்வுகளுக்கான திறந்த அணுக்கம்

பொதுநிதி ஆய்வுகளுக்கான திறந்த அணுக்கம் என்பது, மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு நடத்தப்படும் ஆய்வுகளின் முடிவுகளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும் பயன்படுத்தவும் வழி இருக்கவேண்டும் என்னும் கோட்பாடு ஆகும். இக்கோட்பாட்டை நடைமுறைப்படுத்துவதற்காக நிதி வழங்கும் அமைப்புகள் விதிக்கும் நெறிகள் திறந்த அணுக்கக் கொள்கைகள் எனப்படுகின்றன. இந்தியாவின் முதல் நிறுவன ஆய்வுக் களஞ்சியம் 2002 இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. நடுவண் அரசின் இரு அறிவியல் துறைகள் 2014 டிசம்பரில் இதற்கெனப் பொதுவான கொள்கை ஒன்றை வெளியிட்டன. எனினும் இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்றும் சந்தா செலுத்தினால் மட்டுமே படிக்கக் கூடியதாக உள்ளது.

பின்னணி

அறிவியலாளர் ஒருவர் தமது ஆய்வின் முடிவைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதே துறையைச் சார்ந்த பிற அறிஞர்களிடம் அதனை மதிப்பிடுமாறு கேட்கிறார். கட்டுரை எழுதியவருக்கோ, மதிப்பிட்டவருக்கோ பதிப்பகம் பொதுவாக ஊதியம் எதுவும் தருவதில்லை. ஆய்வாளரின் சம்பளம், ஆய்வுக்கூடக் கருவிகள், வேதிப்பொருட்கள் ஆகியவற்றின் செலவை பெரும்பாலும் அரசே ஏற்கிறது. ஆனால் கட்டுரை ஏற்கப்பட்டவுடன் அதன் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு மாற்றப்படுகிறது. பின்னர், அதே அரசின் நிதியில் இயங்கும் பல்கலைக்கழக நூலகம் அதே கட்டுரையைப் படிப்பதற்குச் சந்தா செலுத்தவேண்டியுள்ளது. ஒரே ஆய்வுக்குப் பொதுமக்கள் இருமுறை பணம் செலுத்துகின்றனர் என்பதே திறந்த அணுக்க இயக்கத்தினரின் அடிப்படை வாதம் ஆகும்.

இணையத்தின் வருகைக்குப் பின் ஒரு கட்டுரையின் படியை உலகெங்கும் அனுப்பும் செலவு மிகக் குறைந்தது. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991 இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் இணையத் தொகுப்பு, இயற்பியல், கணிதக் கட்டுரைகளின் முன்வரைவுகளை இலவசமாக வழங்கியது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் பல ஆண்டுகள் இத்தொகுப்பின் இந்தியப் பிரதித் தளத்தைப் பேணியது. 2002 பெப்ரவரி 14 இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கம் என்னும் சொல்லுக்குத் தெளிவான வரைவிலக்கணம் தந்தது. 2003 இல் பெதஸ்டா, பெர்லின் அறிக்கைகள் அதனைத் தொடர்ந்தன.

வழிகள்

கட்டுரைகளைத் திறந்த முறையில் கிடைக்கச் செய்வதற்குப் பின்வரும் மூன்று வழிகள் முதன்மையானவை.

* பச்சை வழி: கட்டுரை வழக்கமான சந்தா இதழிலேயே வெளிவரும். ஆனால் மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட இறுதிக் கைப்பிரதியை ஆசிரியர் தமது நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேர்ப்பார்.
* பொன் வழி: இதழே திறந்த இதழாக இருக்கும். செலவை ஈடுசெய்ய, பல இதழ்கள் கட்டுரை ஆசிரியரிடம் கட்டணம் பெறுகின்றன.
* வைர வழி: படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் பெறப்படாது. அறிவியற் கழகங்களோ அரசோ செலவை ஏற்கும்.

இவற்றுள் பச்சை வழி செலவு குறைந்தது. இதற்குத் தேவையான ஈபிரின்ட்ஸ், டிஸ்பேஸ் ஆகிய மென்பொருட்கள் கட்டற்ற மென்பொருட்கள் ஆகும். ஈபிரின்ட்ஸ் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. ஒரு வழங்கிக் கணினியும், அதனைப் பராமரிக்கும் நூலகர் ஒருவரும் இருந்தால் ஒரு கல்லூரி தனது களஞ்சியத்தைத் தொடங்கிவிடலாம். இக்களஞ்சியங்கள் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு முதலிய மீதரவுகளைப் பொதுவான நெறிமுறை ஒன்றின்படி வெளியிடுகின்றன. இதனால் வெவ்வேறு ஊர்களில் உள்ள களஞ்சியங்களை ஒரே இடத்திலிருந்து தேட முடிகிறது.

கைப்பிரதியைக் களஞ்சியத்தில் சேர்ப்பது பதிப்புரிமை மீறல் என்னும் எண்ணம் ஆய்வாளரிடையே பரவலாக உள்ளது. உண்மையில், பெரும் பதிப்பகங்கள் பலவும் ஏற்கப்பட்ட கைப்பிரதியைச் சேர்க்க அனுமதி அளிக்கின்றன. சில பதிப்பகங்கள் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்த பின்னரே அதனைத் திறக்கவேண்டும் என நிபந்தனை விதிக்கின்றன. இக்காலம் தடைக்காலம் எனப்படும். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை, முன்னர் செர்ப்பா ரோமியோ எனப்பட்ட இணையத் தரவுத்தளத்தில் அறியலாம்.

இந்தியாவில் வளர்ச்சி

தொடக்க முயற்சிகள்

சி. வி. இராமன் 1934 இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியற் கழகம், தனது ஆய்விதழ்களை இணையத்தில் இலவசமாக வழங்கிய முன்னோடிகளுள் ஒன்று. அதன் இயற்பியல் இதழான பிரமாணா 1998 முதல் இணையத்தில் கிடைக்கிறது. மும்பையில் தொடங்கப்பட்ட மெட்நோ பதிப்பகம், ஆசிரியரிடம் கட்டணம் பெறாமலே பல மருத்துவ இதழ்களைத் திறந்த இதழ்களாக நடத்தியது. இப்பதிப்பகத்தை 2011 இல் வோல்ட்டர்ஸ் குளூவர் என்னும் பன்னாட்டு நிறுவனம் வாங்கியது.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் களஞ்சியம் 2002 இல் தொடங்கப்பட்டது. இதுவே இந்தியாவின் முதல் நிறுவனக் களஞ்சியம் ஆகும். 2004 மே மாதத்தில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் களஞ்சியம் அமைப்பது குறித்த இரு பயிற்சிப் பட்டறைகள் நடைபெற்றன. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் இவற்றை ஒருங்கிணைத்தார். 2006 இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம், தனது ஆசிரியர்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியக் கல்வி நிறுவனங்களுள் இத்தகைய விதியை முதலில் கொண்டுவந்தது இதுவே.

அரசு அமைப்புகளின் கொள்கைகள்

சாம் பித்ரோடா தலைமையில் இயங்கிய தேசிய அறிவு ஆணையம், பொதுநிதி ஆய்வுக் கட்டுரைகள் திறந்த முறையில் கிடைக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2009 பெப்ரவரியில் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் தனது ஆய்வகங்கள் களஞ்சியங்களை அமைக்குமாறு கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இம்மன்றத்தைச் சேர்ந்தவை. 2013 செப்டம்பரில் இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றம் தனது கொள்கையை வெளியிட்டது. அது தடைக்காலத்துக்கு 12 மாத உச்சவரம்பு விதித்தது.

இவற்றைவிட விரிவானது, உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பர் 12 இல் வெளியிட்ட கொள்கை ஆகும். அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

* 2012-13 நிதியாண்டு முதல் இத்துறைகளின் நிதியைப் பெற்ற ஆய்வுகளின் கட்டுரைகள் களஞ்சியத்தில் சேர்க்கப்படவேண்டும்.
* இதழ் கட்டுரையை ஏற்ற இரு வாரங்களுக்குள் இறுதிக் கைப்பிரதி சேர்க்கப்படவேண்டும்.
* தடைக்காலம் அறிவியல் துறைகளில் 6 மாதங்களையும், மானிடவியல், சமூக அறிவியல் துறைகளில் 12 மாதங்களையும் கடக்காதிருத்தல் நன்று.
* களஞ்சியம் இல்லாத நிறுவனத்தைச் சேர்ந்தோர் துறைகளின் மையக் களஞ்சியத்தில் சேர்க்கலாம்.

ஆய்வேடுகள்

இந்தியாவில் திறந்த அணுக்கம் பெருவெற்றி பெற்றது முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குவிதிகள் ஆய்வேட்டின் மின்படியைச் சமர்ப்பிப்பதைக் கட்டாயமாக்கின. இப்படிகள் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. இதில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. தமிழில் எழுதப்பட்ட இலக்கிய, இலக்கண, வரலாற்று ஆய்வேடுகளும் இதில் அடங்கும். முன்பு ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் மட்டும் இருந்த இவற்றை இன்று எந்த ஊரிலிருந்தும் படிக்க முடிகிறது. பட்டம் பெறுவதும் மின்படியைத் தருவதும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டதே இவ்வெற்றிக்கு முக்கியக் காரணம் எனலாம்.

பொதுமக்களுக்கான தேவை

ஆய்வுக் கட்டுரைகளை அறிவியலாளர் மட்டுமே படிப்பர் என்னும் கருத்து முழுமையானது அன்று. இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலாலும், குரோமிய வேதிப்பொருட்களின் கழிவுக் குவியலாலும் மண்ணும் நிலத்தடி நீரும் மாசடைந்தன. 2006 இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வெளியிட்ட, உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இவ்வூர் இடம்பெற்றது. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் முதலிய அரசு நிறுவனங்களின் அறிவியலாளர்கள் இங்குள்ள கிணற்று நீரில் குரோமியம் பரவுவதை ஆராய்ந்துள்ளனர். இத்தகைய ஆய்வுகள் சந்தா இதழ்களில் வெளிவரும்போது, அரக்கோணத்திலோ வாலாசாப்பேட்டையிலோ உள்ள உழவர், உள்ளூர் மருத்துவர், ஊராட்சி உறுப்பினர் ஆகியோருக்குச் சுருக்கம் மட்டுமே கிடைக்கும். முழுக் கட்டுரை ஒன்றைத் தனியாக வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆய்வுக்குப் பணம் தந்தவரும், ஆய்வு செய்யப்பட்ட நீரைக் குடிப்பவரும் அதன் முடிவைப் படிக்க முடியாத நிலை இதனால் ஏற்படுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் தமிழ்நாட்டில் உண்டு. 1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி ஆகும். காசநோயாளரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும், தனி மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருவதை இம்மையம் காட்டியது. முடிவுகள் 1959 இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளிவந்தன. பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை முறை மாறுவதற்கு இது காரணமாயிற்று. அவ்விதழின் பழைய தொகுதிகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இம்மையம் தற்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2005 இல் விருப்பத்தின் பேரில் கட்டுரைகளைச் சேர்க்குமாறு வேண்டின. பலர் சேர்க்காததால், சட்டத்தின் வழியாக 2008 ஏப்ரல் முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. அப்போது 12 மாதத் தடைக்காலம் அனுமதிக்கப்பட்டது. 2025 சூலை முதல் தடைக்காலம் நீக்கப்பட்டுள்ளது. பெல்ஜியத்தின் இலியேசு பல்கலைக்கழகம், களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரைகளை மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்வதாக விதித்தது. அங்கு சேர்க்கை விரைவாக உயர்ந்தது. ஐரோப்பிய நிதி அமைப்புகள் சில 2018 செப்டம்பரில் திட்டம் எஸ் என்பதை அறிவித்தன. இந்தியா அதில் சேரும் என நடுவண் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன் 2019 பெப்ரவரியில் கூறினார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அம்முடிவு கைவிடப்பட்டது.

ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 இல் நடுவண் அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு இதற்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, நடுவண், மாநில அரசுகளின் 6,300 க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இதன்வழி பெறுகின்றன. சிறிய ஊர்களின் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரும் பயன் தரும் ஏற்பாடு ஆகும்.

எனினும் இது திறந்த அணுக்கம் அன்று. இத்திட்டத்தில் அரசு வாங்குவது குறிப்பிட்ட நிறுவனங்களுக்கான படிக்கும் உரிமையை மட்டுமே. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் மிகுதி என்பதால் இது குறிப்பிடத்தக்கது. பள்ளி ஆசிரியர், தனியாக மருத்துவம் செய்வோர், இதழாளர் ஆகியோருக்கும் இதில் இடமில்லை. களஞ்சியத்தில் சேர்த்த கைப்பிரதியோ எல்லோருக்கும் திறந்திருக்கும். அதற்கு ஆண்டுதோறும் சந்தா புதுப்பிக்கவேண்டியதில்லை.

விமர்சனங்களும் சிக்கல்களும்

* கண்காணிப்பு: இந்தியக் கொள்கைகளில் விதி உண்டு. ஆனால் பின்பற்றாதவருக்கு நிதியோ பதவி உயர்வோ நிறுத்தப்படும் நடைமுறை வலுவாக இல்லை. அமெரிக்க, பெல்ஜிய அனுபவங்களும் சோத்கங்காவின் அனுபவமும் இதனையே முக்கிய வேறுபாடாகக் காட்டுகின்றன.
* கட்டணம்: பொன் வழி இதழ்கள் சில ஆசிரியரிடம் இலட்சக்கணக்கான ரூபாய் கேட்கின்றன. படிப்பவருக்கு இருந்த தடை எழுதுபவருக்கு மாறிவிடுகிறது என்று விமர்சிக்கப்படுகிறது.
* போலி இதழ்கள்: முறையான மதிப்பீடின்றிப் பணம் பெற்றுக்கொண்டு வெளியிடும் இதழ்கள் பெருகின. இவற்றைத் தவிர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல் தொடங்கிய கேர் பட்டியல் 2025 இல் கைவிடப்பட்டது. இச்சிக்கல் பச்சை வழிக்குப் பொருந்தாது. அதில் சேர்க்கப்படுவது ஏற்கெனவே மதிப்பிடப்பட்ட கட்டுரையே ஆகும்.
* மொழி: கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கட்டணம் நீங்கினாலும், தமிழ் மட்டும் அறிந்த வாசகருக்கு மொழித்தடை எஞ்சியிருக்கும். ஆயினும் திறந்த உரிமத்தில் வெளியாகும் கட்டுரைகளைத் தனி அனுமதி பெறாமலே தமிழில் பெயர்க்க முடியும். சந்தா இதழின் கட்டுரையைப் பெயர்க்கப் பதிப்பகத்தின் அனுமதி தேவை.

இவற்றையும் பார்க்க

* ஆய்விதழ்
* பதிப்புரிமை
* படைப்பாக்கப் பொதுமங்கள்
* கட்டற்ற மென்பொருள்
* எண்ணிம நூலகம்